எங்கள் ஊர் சப்வே மக்களவைக்குப் போன வழி

ரயில்வே கேட்டை எடுத்துவிட்டு சப்வே போட்டால் நல்லதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட் திறக்கக் காத்துக் கிடக்க வேண்டாம், தண்டவாளத்தைக் கடக்கும் பயமும் இல்லை. எல்லாம் சரிதான். ஐப்பசி அடைமழையில் அந்தப் பள்ளத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது பள்ளிக்கூட வேனும் பால் வண்டியும் எந்த வழியாகப் போகும்? நாட்டில் அகலப்பாதைகளில் இருந்த ஆளில்லா லெவல் கிராசிங்குகள் எல்லாம் 2019 ஜனவரி முடிவதற்குள் ஒழிக்கப்பட்டன. அவற்றில் பலவற்றுக்குப் பதிலாக வந்தவைதான் இந்த உயரம் குறைந்த சப்வேக்கள். எங்கள் ஊருக்கும் ஒன்று வந்தது.

தேங்கும் தண்ணீரை இறைக்க வேண்டியது யார் என்பதில்தான் இழுபறி. ஓர் அலுவலகத்தில், உங்கள் ஊராட்சியைக் கேளுங்கள் என்றார்கள். இன்னொன்றில், ரயில்வே கட்டியதற்கு எங்களிடம் ஏன் வருகிறீர்கள் என்றார்கள். நான்கு நாள் வெயில் அடித்தால் தண்ணீர் வற்றிவிடும், அதோடு பேச்சும் வற்றிவிடும். அடுத்த ஐப்பசியில் மறுபடி மனு எழுதுவோம். இதை ஊர் நலச் சங்கத்தில் நாங்கள் எப்படி நாடாளுமன்றக் கேள்வியாக்கினோம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

எம்.பி. அலுவலகத்துக்கு வழக்கம்போல் மனுவோடுதான் போனோம். கையெழுத்துகள், செய்தித்தாள் நறுக்கு, கிராம சபைத் தீர்மானத்தின் நகல் எல்லாம் இணைத்திருந்தோம். (கிராம சபைத் தீர்மானம் இருந்தால் மனுவுக்கு ஒரு கனம் கூடும். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபை என்று ஆகிவிட்டதால் தீர்மானம் போடுவதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை.) நாடாளுமன்ற வேலைகளைக் கவனிக்கும் உதவியாளர், இளைஞர், முழுவதையும் பொறுமையாகப் படித்தார்.

“ஐயா, இதை அப்படியே அமைச்சருக்குக் கடிதமா அனுப்பலாம். ஆனா கேள்வியாக் கேக்கணும்னா வேற மாதிரி எழுதணும்” என்றார்.

பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். மக்களவை விதிகளின்படி ஒரு கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் இருக்கக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது, ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்றும் கேட்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் உள்ள விஷயம் ஆகாது. ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டதைத் திரும்பக் கேட்டால் தள்ளுபடி. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மத்திய அரசின் பொறுப்பில் வரும் விஷயமாக இருக்க வேண்டும். கேள்வியை ஏற்பதா வேண்டாமா என்பதில் சபாநாயகர் முடிவே கடைசி. எங்கள் மனுவில் இருந்த ‘மெத்தனப் போக்கு’ போனது. ‘பாராமுகம்’ போனது. ‘உயிர்ப்பலி நடந்தால்தான் விழிப்பீர்களா’ என்று பொருளாளர் ரசித்து எழுதியிருந்த வரியும் போனது.

பொருளாளருக்கு முகம் வாடிவிட்டது. “அதையும் எடுத்துட்டா இதுல என்ன தம்பி இருக்கு?”

“கணக்கு இருக்கும் ஐயா. எத்தனை, எவ்வளவு, எப்போ. அதைத்தான் கேக்கணும்.”

அதற்கு முன் அவர் கேட்ட இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. “இதுக்கு என்ன பதில் வரும்னு உங்களுக்கே பாதி தெரியுமா?” தெரியாது என்றோம். அப்படியென்றால் முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. சப்வேயின் வரைபட நகலும், வடிகால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற விவரமும் கேட்டோம். வந்த தாளைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் பிடிபட்டது. வரைபடத்தின்படி தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் வடிய வேண்டும். வாய்க்காலோ தூர்ந்து, கரைச் சாலையும் உயர்ந்து, இப்போது சப்வே தரையைவிட மேட்டில் கிடக்கிறது. மோட்டார் வைத்து இறைத்தால் ஒழிய வழியில்லை. வாய்க்கால் மாநில அரசுடையது. ஆக, பாதிக் கேள்வி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. நகரப் பேருந்து, மாநில நெடுஞ்சாலை, வாய்க்கால் போன்றவற்றுக்கு எம்.பி.யிடம் போய் நிற்பதைவிட எம்.எல்.ஏ.வைப் பிடிப்பதே முறை. அவை சட்டப்பேரவையில் கேட்க வேண்டியவை. இந்த வேறுபாடு தெரியாமல் தள்ளுபடியாகும் கோரிக்கைகள் ஏராளம் என்று உதவியாளர் சொன்னார்.

கடைசியில் கேள்வி ஐந்து பிரிவாக நின்றது. ரயில்வே அமைச்சரை நோக்கி: (அ) லெவல் கிராசிங்குக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் கட்டப்பட்ட சப்வேக்கள் மாவட்டவாரியாக எத்தனை, (ஆ) அவற்றில் மழைநீர் தேங்குவதாகக் கண்டறியப்பட்டவை எத்தனை, (இ) தேங்கும் நீரை வெளியேற்றும் பொறுப்பும் செலவும் யாருடையவை, (ஈ) எங்கள் சப்வேயில் மோட்டாருடன் கூடிய நிரந்தர வடிகால் பணிக்கு முன்மொழிவு உள்ளதா, (உ) இருந்தால் எந்த நிலையில் உள்ளது, எப்போது முடியும், இல்லையென்றால் காரணம் என்ன. நான்காவது பிரிவில் ‘மோட்டாருடன் கூடிய’ என்று குறித்துக் கேட்டதுதான் இதில் முக்கியம். ‘தகுந்த வடிகால் வசதி உள்ளதா’ என்று மட்டும் கேட்டிருந்தால், உள்ளது என்ற பதிலோடு கதை முடிந்திருக்கும். வரைபடத்தில்தான் உள்ளதே!

சங்கத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி, இதற்குச் செலவு ஏதும் ஆகுமா என்று கேட்டார். உதவியாளர் சிரித்துவிட்டு, கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் பதினொரு எம்.பி.க்கள் பதவி இழந்த கதையைச் சொன்னார். செலவு என்று பார்த்தால் அந்தப் பத்து ரூபாயும் ஜெராக்ஸும்தான்.

இனி நாள் கணக்கு. கேள்வி கேட்பதாக எம்.பி. தரும் நோட்டீஸ், பதில் சொல்லப்படும் நாளுக்கு 15 முழு நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும். அமைச்சகங்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். எங்கள் கேள்வி போன கூட்டத்தொடரில் ரயில்வேக்கு உரிய நாள் புதன். ஒரு நாளுக்கு ஓர் உறுப்பினர் ஐந்து நோட்டீஸ்தான் தரலாம். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி என்றால் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அத்தனை ஊர்க்காரர்களும் ரயில் நிறுத்தம், பிளாட்பாரம், பாலம் என்று கேட்டு வரிசையில் நிற்பார்கள். சபைக்குள் போட்டி இருப்பது எல்லோருக்கும் தெரியும். எம்.பி.யின் மேசையிலேயே அந்த ஐந்து இடத்துக்கு ஒரு போட்டி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. தேதி, வரைபடம், தீர்மானம் எல்லாம் தயாராக இருக்கும் கோரிக்கைதான் அங்கே முந்துகிறது. எங்களுடையது முந்தியதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு பரபரப்பாக ஓடிவருகிறவர்களுக்கு அதற்குள் பாதி வாரங்கள் கழிந்துவிடும்.

நோட்டீஸ் போன பிறகு, எந்தக் கேள்விகள் பட்டியலில் ஏறும் என்பதற்குக் குலுக்கல். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமிடாத கேள்விகள். நட்சத்திரம் என்றால் அமைச்சர் அவையில் எழுந்து நேரில் பதில் சொல்வார், கேட்டவர் இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரமிடாததற்கு எழுத்தில் பதில், அவ்வளவுதான். சங்கத்தில் எல்லோருக்கும் நட்சத்திரம் மீதுதான் ஆசை; டிவியில் வருமே. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. கேள்வி நேரம் ஒரு மணி நேரம். இருபதில் முதல் நாலைந்துக்குத்தான் பெரும்பாலும் வாய் திறக்கவே நேரம் கிடைக்கும், அமளி வந்துவிட்டால் அதுவும் இல்லை. மற்றவற்றுக்கு எழுத்துப் பதில்தான். பெரிய கொள்கை விஷயம் என்றால் துணைக் கேள்வியில் அமைச்சரை மடக்கலாம். ஓர் ஊர் சப்வேக்கு, எண்ணும் தேதியும் போட்ட எழுத்துப் பதில் போதும். எங்களுக்கு நட்சத்திரமிடாத பட்டியலில் இடம் கிடைத்தது. கேள்வி நேரம் முடிந்ததும் வரும் ஜீரோ அவரில் பேசியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பேசலாம், வாட்ஸ்அப்பில் சுற்றவிட நல்ல வீடியோ கிடைக்கும். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அமைச்சருக்குக் கிடையாது.

பதில் வருவதற்கு முன்பே ஆள் வந்தது. கேள்வி ஏற்கப்பட்டதும் அமைச்சகம் மண்டலத்தைக் கேட்கும், மண்டலம் கோட்டத்தைக் கேட்கும், கோட்டம் அந்தப் பகுதிப் பொறியாளரைக் கேட்கும். ஒவ்வொரு படியிலும் கெடு உண்டு. ‘பார்லிமென்ட் கொஸ்டின்’ என்று எழுதிய கோப்பு யார் மேசையிலும் தங்காது. ஒருநாள் காலையில் டேப்பும் கேமராவுமாக இரண்டு பேர் சப்வேக்குள் அளந்துகொண்டிருந்தார்கள். எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும், எத்தனை நாள் நிற்கும் என்று டீக்கடையில் இருந்தவர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வந்தவர்களில் மூத்தவரிடம் சங்கடத்தோடு, உங்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டோமோ என்றேன்.

“அட போங்க சார். நான் கேட்டா போகாத எஸ்டிமேட், நீங்க கேட்டா மேல போகுது” என்றார்.

கேள்வி கேட்பது அதிகாரிகளுக்கு எதிரான வேலை என்றுதான் சங்கத்தில் பலரும் நினைத்திருந்தார்கள். கீழே இருக்கும் பொறியாளருக்கு அது ஒரு துணை. அவருக்கு இடைஞ்சலாகக் கேள்வி எழுதுவதும் தோதாக எழுதுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

குறித்த புதன்கிழமை பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும், பிடிஎஃப். ‘(அ) முதல் (உ) வரை’ என்று எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே பதில். அமைச்சகங்கள் பலவற்றுக்கும் இது பழக்கம்தான். தனித்தனியாகக் கேட்டவற்றை ஒன்றாகக் கரைத்துவிடும்போது சங்கடமான பிரிவு ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போகும். பொறுப்பு யாருடையது என்ற (இ) அப்படித்தான் போனது. மற்றபடி பொதுவான இரண்டு பத்தி, அனுபந்தத்தில் மாவட்டவாரிப் பட்டியல், கடைசியில் எங்கள் சப்வே பற்றி ஒற்றை வரி: மோட்டாருடன் கூடிய வடிகால் அமைக்கும் முன்மொழிவு பரிசீலனையில் உள்ளது.

பொருளாளர் தாளை மேசையில் போட்டார். “பரிசீலனைன்னா கிணத்துல போட்ட கல்லுதான்.”

உதவியாளருக்கோ அந்த ஒற்றை வரியில்தான் சந்தோஷம். அரசு உறுதிமொழிகளுக்கான குழு என்று மக்களவையில் ஒன்று 1953-லிருந்து இருக்கிறது. பதினைந்து உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. அமைச்சர்கள் அவையில் சொல்லும் பதில்களில் உறுதிமொழியாகக் கொள்ளத்தக்க சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ அதில் ஒன்று. ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்பதும் அப்படியே. உறுதிமொழியாகப் பதிவானால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அவைக்குத் தெரிவிக்க வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். எம்.பி. அந்தப் பதிலைக் குறிப்பிட்டுக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் வரி உறுதிமொழியாக ஏற்கப்பட்டது. முதல் கெடு முடியும்போது அவகாசம் கேட்டார்கள், கொடுத்தார்கள். இடைப்பட்ட மழைக்குத் தற்காலிகமாக ஒரு டீசல் பம்ப் வந்து நின்றது.

வாய்க்கால் பாதி இன்னும் நகரவில்லை. எம்.எல்.ஏ.விடம் வரைபட நகலோடு கொடுத்திருக்கிறோம். சட்டப்பேரவைக் கூட்டத்தொடர் அறிவிப்புக்குக் காத்திருக்கிறோம்.

மக்களவைக்கு அடுத்த கேள்வியும் தயார். ஒரே விஷயத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பதால், முந்தைய வினாவின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும். மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, டெண்டர் எந்தத் தேதியில், முந்தைய பதிலில் விட்டுப்போன பொறுப்பு யாருடையது என்று மூன்றே பிரிவு. ஒரே பதிலாகக் கரைக்க முடியாதபடி (இ)-யை இந்த முறை முதல் பிரிவாகப் போடச் சொல்லியிருக்கிறார் பொருளாளர்.