ஆர்டிஏ கோடு திணறினால் எங்கே பார்ப்பது?

அறையின், ஸ்பீக்கரின் ஒலியை அளக்கும் ரூம் இக்யூ விசார்ட் மென்பொருளில் ஆர்டிஏ வரைபடம் (ஒலியிலுள்ள அலைவெண்களை உடனுக்குடன் காட்டுவது) விட்டுவிட்டு நகர்ந்தால், பலரும் முதலில் கை வைப்பது எஃப்எஃப்டி நீளத்தில், அதாவது ஒலியை அலைவெண்களாகப் பிரிக்கும் ஒரு கணக்குக்கு எடுக்கும் சாம்பிள் எண்ணிக்கையில். 65,536-ஐ 16,384 ஆக்குகிறார்கள். திணறல் பல சமயம் கூடத்தான் செய்கிறது. காரணம் ஓவர்லேப், அதாவது ஒரு கணக்கில் வந்த சாம்பிள்களில் எவ்வளவு பங்கு அடுத்த கணக்கிலும் திரும்ப வருகிறது என்பது. 48 கிலோஹெர்ட்ஸில் 65,536 சாம்பிள் என்பது 1.37 விநாடி ஒலி. ஓவர்லேப் 93.75 சதவீதம் என்றால் 4,096 சாம்பிளுக்கு ஒரு கணக்கு, விநாடிக்குச் சுமார் 12. ஓவர்லேப்பைத் தொடாமல் நீளத்தை மட்டும் 16,384 ஆக்கினால் அது 47 ஆகிவிடும். ஒவ்வொரு கணக்கும் சிறியதுதான், ஆனால் கோட்டை அழித்து வரையும் தடவைகள் நான்கு மடங்கு. இழப்பும் உண்டு: அலைவெண் பகுதிறன் 0.73 ஹெர்ட்ஸிலிருந்து 2.93 ஹெர்ட்ஸுக்குச் சரியும். 40 ஹெர்ட்ஸ் பக்கம் நெருங்கி நிற்கும் இரண்டு ரூம் மோடுகள் (அறையின் ஒத்ததிர்வுகள்) ஒரே மேடாகத் தெரியும்.

ஆகவே நீளத்தை விட்டுவிடுங்கள். ஓவர்லேப்பை 75 சதவீதமாக்கினால் விநாடிக்கு 3 கணக்குதான். ஓவர்லேப்பைக் குறைக்க மனமில்லையென்றால் அப்டேட் இன்டர்வலை 1-லிருந்து 4 ஆக்குங்கள். கணக்கு நடந்துகொண்டே இருக்கும், நான்கு முறைக்கு ஒரு முறை மட்டும் திரை வரையப்படும்.

கோளாறு கணக்கிலா வரைவதிலா என்று பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஆர்டிஏ விண்டோவைக் கால் அளவுக்குச் சுருக்குங்கள். உடனே சீரானால் பிரச்சினை வரைவதில். சுருக்கியும் மாறவில்லையென்றால் கணக்கில். புதிதாகத் திறந்தபோது வேகமாக இருந்து, அளவீடுகள் சேரச் சேர மந்தமானால் மெமரி.

மெமரியைப் பொறுத்தவரை, கணினியில் 16 ஜிபி ரேம் இருப்பதால் மட்டும் பயனில்லை. இது ஜாவாவில் எழுதப்பட்ட மென்பொருள். அதற்கு ஒதுக்கிய உச்சவரம்புக்குள்தான் இயங்கும். வரம்பை நெருங்கும்போது ஜாவா பழைய தரவைத் துப்புரவு செய்யத் திரும்பத் திரும்ப நிற்கும், அந்த நிறுத்தம்தான் நமக்குத் திணறலாகத் தெரிகிறது. விண்டோவின் அடி ஓரத்தில் மெமரி அளவு காட்டப்படும், அதைக் கவனியுங்கள். தேவையற்ற அளவீடுகளைச் சேமித்துவிட்டு நீக்குங்கள். போதவில்லையென்றால் உச்சவரம்பை உயர்த்துங்கள். தேவையில்லாமல் 192 கிலோஹெர்ட்ஸில் அளப்பதும் இங்கேதான் வலிக்கும்: அதே நேர அளவுக்கு 48-ஐப்போல நான்கு மடங்கு தரவு.

வரைவதில் கோளாறு என்றால் முதல் சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர். விண்டோஸில் ஜாவா, டைரக்ட்3டி வழியாக வரைகிறது. சில டிரைவர்களோடு அது ஒத்துப்போவதில்லை: கறுப்புப் பட்டை, அழியாத பழைய கோடு, மினுக்கல். டிரைவரைப் புதுப்பித்தும் தீராவிட்டால், மென்பொருளை நிறுவிய கோப்புறையிலுள்ள, ஜாவாவுக்கான அமைப்புகளைக் கொண்ட விஎம்ஆப்ஷன்ஸ் கோப்பில் ஜாவா2டியின் டி3டி தேர்வை ஃபால்ஸ் ஆக்கும் வரியைச் சேருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் சேமிக்க விடும். எழுத்து பொடியாகவோ மங்கலாகவோ இருப்பது வேறு விஷயம், அது திரை ஸ்கேலிங். 125, 150 சதவீதத்தில் கர்சர் போன தடத்தில் மெல்லிய கீறல்கள் தங்குவதும் இதனால்தான். 100 அல்லது 200 வைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத்தான் தொந்தரவு. கணினி மூச்சுத் திணறும்போது ஒலிச் சாம்பிள்களே விழுந்துவிட்டால் அளவீடே பொய்யாகிவிடும், அதை விட்டுவிடக் கூடாது. அளப்பதற்காக ஒலிக்கவிடும் ஸ்வீப் தாழ்ந்த அலைவெண்ணிலிருந்து மேலே ஏறுவதால், 48 கிலோஹெர்ட்ஸில் நடுவில் 48 சாம்பிள் தொலைந்தால் அந்த நொடியில் ஒலித்த அலைவெண்ணுக்கு மேலுள்ளதெல்லாம் 1 மில்லிவிநாடி முந்தி வந்ததாகப் பதிவாகும். ஒவ்வோர் அலைவெண்ணும் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று காட்டும் குரூப் டிலே வரைபடத்தில் அது செங்குத்தான ஒரு படியாகத் தெரியும். மைக்கையும் ஸ்பீக்கரையும் அசைக்காமல் மறுபடி அளந்து பாருங்கள். படி அதே இடத்தில் இருந்தால் அது ஸ்பீக்கரோ அறையோ செய்வது. இடம் மாறினாலோ மறைந்தாலோ சாம்பிள் விழுந்திருக்கிறது: ஆடியோ பஃபரை 256 சாம்பிளிலிருந்து 1,024 ஆக்கி, ஆடியோ இன்டர்ஃபேஸை யூஎஸ்பி ஹப்பிலிருந்து பிடுங்கி நேரடியாகக் கணினியில் செருகி, மின்சிக்கன முறையை அணைத்துவிட்டு அளவீட்டைப் புதிதாக எடுங்கள்.