அணைத்த பிறகும் சிமிட்டிய பல்பு

மாடிப்படி விளக்கை ஹோம் அசிஸ்டென்ட்டில் (வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் மென்பொருள்) சூரியன் மறையும்போது எரியும்படி வைத்திருக்கிறேன். சென்னையில் அந்த நேரம் நவம்பர் கடைசியில் 5.40, ஜூலையில் 6.40 வாக்கில்; கடிகார நேரம் வைத்தால் ஒத்துவராது.

ஆட்டோமேஷன் சரியாகவே ஓடியது. ஆனால் அணைத்த பிறகும் எல்இடி பல்பு விட்டுவிட்டுச் சிமிட்டியது. லாகை, அதாவது அதன் செயல் பதிவைப் பார்த்தால், அந்த நேரத்தில் எந்தக் கட்டளையும் போகவில்லை. சரி, கோடில் தேடிப் பயனில்லை.

விளக்கை இயக்கும் ஸ்மார்ட் சுவிட்ச், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) இல்லாத வகை. தான் இயங்க, அணைத்திருக்கும்போதும் பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்ட் எடுக்கும். அது பல்புக்குள் இருக்கும் எல்இடி டிரைவர் சர்க்யூட்டின் கெப்பாசிட்டரை (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) மெல்ல நிரப்பும். நிரம்பியதும் ஒரு மின்னல். பழைய குண்டு பல்பில் இது தெரியவே தெரியாது.

எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு, பல்புக்கு இணையாக பைபாஸ் கெப்பாசிட்டர் மாட்டினார்; அந்தக் கொஞ்சக் கரண்ட் பல்பை விட்டு அதன் வழியே போய்விடும். சிமிட்டல் நின்றது. புது வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள்; பூச்சு முடிந்த பிறகு அது பெரிய வேலை.