போலீஸ்காரர் மேல் புகார்: முதல் நாளில் செய்ய வேண்டியவை

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஒரு பையன் லாக்கப்பில் அடி வாங்கினான் என்றால், குடும்பம் முதலில் ஓடுவது ஒய்பி எனும் மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு. அது நாளைக்கும் திறந்திருக்கும். காயம் ஆறிவிடும், கேமராவில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அதனால் முதலில் போலீஸ் ரிப்போர்ட், அதே நாளில் அரசாங்க மருத்துவமனை.

அடித்தவர் வேலை செய்யும் நிலையத்துக்கே போக வேண்டியதில்லை. செராஸில் நடந்ததை டாங் வாங்கியில் கொடுக்கலாம். “என் மகனைச் சித்திரவதை செய்தார்கள்” என்று ஒரே வரியில் முடித்தால் விசாரணை அதிகாரிக்குப் பிடி கிடைக்காது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அறை, எதனால் அடித்தார்கள், உடம்பில் எந்த இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். சட்டையில் இருக்கும் பெயர், நம்பர் பாடான் (போலீஸ்காரரின் பணி எண்) தெரிந்தால் சேருங்கள். சாதாரண உடையில் வந்தவரிடம் கார்டு குவாசா (போலீஸ் அதிகார அட்டை) கேட்கலாம்; நீலம் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழ், சிவப்பு என்றால் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், அவருக்கு அதிகாரமே இல்லை. ரிப்போர்ட்டை மலாயில் தட்டெழுதிக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் வரி வரியாகப் படியுங்கள். தெரிந்தே பொய் எழுதினால் தண்டனைச் சட்டம் 182 உங்கள் மேலேயே பாயும். நிலையத்தின் பெயரும் ஆண்டும் சேர்ந்த அந்த ரிப்போர்ட் எண்ணைப் பத்திரமாக வையுங்கள், பிறகு எல்லாக் கதவுக்கும் அதுதான் கேட்பார்கள்.

மருத்துவரிடம் “உடம்பு வலி” என்று சொல்லாதீர்கள். எந்தக் காயம் எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் அவர் பதிவில் ஏறும். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் நிலையத்தில் காவலில் இறந்த குகன் என்ற இளைஞரின் முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. குடும்பம் விடாமல் கேட்டுப் பெற்ற இரண்டாவது பரிசோதனைதான் அடியின் தடயங்களை வெளியே கொண்டுவந்தது. 2013இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது.

ஆள் இன்னும் போலீஸ் காவலில் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும். காயத்தைக் காட்டுவதற்கு அதுதான் நல்ல நேரம். ஒய்பிஜிகே எனும் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையின் இலவச வழக்கறிஞர் ரிமாண்டிலேயே துணை நிற்பார்.

இனி புகார் எங்கே போகிறது என்று பார்ப்போம். அடித்தது, மிரட்டிப் பணம் பறித்தது குற்றம். ரிப்போர்ட் வழியாக விசாரணை நடக்கும். மரியாதையில்லாமல் நடந்தது, ரிப்போர்ட் எடுக்க மறுத்தது ஒழுங்கு சார்ந்தவை. போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் உள்ள ஜிப்ஸ் எனும் நேர்மைப் பிரிவுக்கு எழுத வேண்டும். லஞ்சம் கேட்டால் எஸ்பிஆர்எம் எனும் ஊழல் தடுப்பு ஆணையம். அங்கே ஒன்றை மறக்காதீர்கள்: கொடுப்பதும் குற்றம், கேட்டதைத் தெரிவிக்காமல் விடுவதும் குற்றம்.

நான்காவது கதவு ஐபிசிசி எனும் சுதந்திர போலீஸ் நடத்தை ஆணையம். 2023 ஜூலை 1 முதல் இஏஐசி எனும் அமலாக்க நிறுவன நேர்மை ஆணையத்துக்குப் பதில் வந்தது. விசாரிக்கும், தண்டிக்காது. கண்டதை போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பும். அந்த ஆணையத்துக்குத் தலைவர் உள்துறை அமைச்சர், போலீஸ் படைத் தலைவரான ஐஜிபியும் அதில் உறுப்பினர். ஐஜிபியின் நிலையான உத்தரவுகளுக்குள் வரும் செயல்களை ஐபிசிசி தொடவும் முடியாது. 2005இல் துன் முகமது ஜைடின் தலைமையில் போலீஸ் படையை ஆராய்ந்த அரச ஆணையம் கேட்டது இதைவிடப் பல மடங்கு பலமான அமைப்பு. எனக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனாலும் அங்கேயும் எழுதுங்கள். போலீசுக்கு வெளியே ஒரு கோப்பு திறப்பது குடும்பத்துக்குப் பலம். மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் ஒரு நகல்.

நான்கு வாரம் ஆகியும் தகவல் இல்லையா? வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவைக் குறிப்பிட்டு, ரிப்போர்ட் கொடுத்த நிலையத்தின் அதிகாரியிடம் விசாரணை நிலவரத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசாங்க வழக்கறிஞரிடம் புகார். வாயால் கேட்டு அலைவதை விட, முத்திரை குத்திய ஒரு நகல் மேல்.

நஷ்டஈடு வழக்குக்கு 36 மாதம்தான் கெடு. விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து அதைக் கோட்டைவிடும் குடும்பங்கள் உண்டு. “ரிப்போர்ட்டை இழுத்துக்கோ, செட்டில் பண்ணிக்கலாம்” என்று இடையில் யாராவது வந்தால், வழக்கறிஞர் பார்க்காமல், முதல் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறும் இரண்டாவது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். குற்ற வழக்கைத் தொடர்வதா மூடுவதா என்பது சட்டத்துறைத் தலைவரின் கையில் உள்ளது. நீங்கள் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றாலும் வழக்கு தானாக மூடாது, உங்கள் சாட்சியம் மட்டும் பலவீனமாகும்.