கர்ப்பத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தபோது

நாலாம் மாதத்திலிருந்து பல் துலக்கித் துப்பும் நுரையெல்லாம் சிவப்பாகவே இருந்தது. முன்பற்களுக்கு நடுவே ஈறு உப்பி, தொட்டாலே ரத்தம். டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். பிரசவம் முடிந்த பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: "ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு பல்லு போகும்மா. எனக்கும் அப்படித்தான் போச்சு."

அவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்தைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். பல் போனது உண்மைதான். ஆனால் வயிற்றுப் பிள்ளை அம்மாவின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்வதில்லை. தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்களின் ஈறு நோயை அந்தக் காலத்தில் யார் கவனித்தார்கள்? அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

அரசு தாய்சேய் கிளினிக்கில் கர்ப்பகாலப் பதிவுக்கான பிங்க் புத்தகம் போடும்போதே பல் கிளினிக்கில் காட்டச் சொல்லி எழுதித் தருகிறார்கள். நம் பெண்கள் பலர் அந்தத் துண்டைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் அங்கிருந்த மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) ரத்தம் வருவதைச் சொன்னதும் அவரே தேதி வாங்கிக் கொடுத்தார்.

பல் டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். தாளில் படம் போட்டு விளக்கினார். பல்லோரம் படியும் படலத்தில் கிருமிகள் எல்லாருக்கும் உண்டு. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டெரோனும் ஏற ஏற, ஈறில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து கசியத் தொடங்கும். பிரெவோடெல்லா இன்டர்மீடியா என்ற கிருமிக்கு அந்த ஹார்மோன்களே தீனி. இதற்கிடையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் மாறுகிறது. பிள்ளையில் பாதி அப்பாவுடையது அல்லவா? அதை அந்நியம் என்று தாக்காமல் இருக்க உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கிருமியை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்களின் வேலை கொஞ்சம் மந்தப்படுகிறது. ஈறில் அழற்சி மட்டும் கூடுகிறது. அதனால்தான் கொஞ்சம் அழுக்குக்கே இவ்வளவு வீக்கம். இரண்டாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதம்வரை கூடிக்கொண்டே போகுமாம்.

எனக்கு இருந்த பெரிய பயம் பிள்ளையைப் பற்றித்தான். ஈறு நோய் உள்ளவர்களிடம் குறைமாதப் பிரசவம் அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 2006இல் அமெரிக்காவில் 800க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வில், கர்ப்பத்திலேயே ஈறைச் சுத்தம் செய்ததால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. ஆனால் ஈறு நன்றாகத் தேறியது, சிகிச்சையால் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் வரவில்லை. பயமில்லாமல் நாற்காலியில் உட்கார எனக்கு அது போதும்.

ஈறைச் சுத்தம் செய்ய நாலிலிருந்து ஆறாம் மாதம்வரை வசதியான காலம் என்றார் டாக்டர். வலது இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்; மல்லாந்து கிடந்தால் வயிற்றின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றுமாம். மரத்துப்போக ஊசி, பிறகு பல்லில் இறுகிய காரையை எடுக்கும் மெஷின். சத்தம்தான் அதிகம், வலி தாங்கக்கூடியதே.

வீட்டுக்குச் சொன்னவை: ரத்தம் வந்தாலும் துலக்குவதை நிறுத்தக் கூடாது, மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்துத் துலக்க வேண்டும். வாந்தி எடுத்த உடனே துலக்காமல் முதலில் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கும் சீனித்தண்ணி டெஸ்ட்டையும் தவறவிடாதே என்றார், ரத்தத்தில் சீனி ஏறினால் ஈறு நோயும் கூடுமாம். பல்வலிக்கு வீட்டில் கிடக்கும் பழைய ஆன்டிபயாடிக்கை எடுத்துவிடாதீர்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்து பிள்ளையின் பல்லில் கறை ஏற்படுத்தும்.

சில வாரங்களில் ரத்தம் வெகுவாகக் குறைந்தது. பிரசவத்துக்குப் பிறகு வீக்கமும் அடங்கிவிட்டது. ஒரு கடைவாய்ப் பல்லோரம் மட்டும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம் இன்னும் ஆழமாகவே இருக்கிறது. அதற்குத் தனியாகத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, இந்த முறை மாமியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.