சர்வே ஃபார்ம்ல "இல்லை"ன்னு டிக் வாங்கின அக்கா

சோஷியாலஜி படிக்கிற எல்லாருமே ரிசர்ச் மெத்தட்ஸ ஒரு டேபிளா போட்டுத்தான் மனப்பாடம் பண்றோம், சர்வேன்னா ரிலையபிலிட்டி (யார் எத்தன தடவ கேட்டாலும் அதே பதில் வர்றது) அதிகம், வேலிடிட்டி (அளக்க நெனச்சதையே அளக்குறது) கம்மி, பார்ட்டிசிபன்ட் அப்சர்வேஷன்னா, அதாவது மக்களோட கூடவே இருந்து பாக்குறதுன்னா, அப்படியே உல்டா. நானும் அப்படித்தான் படிச்சேன். ஃபீல்டுக்குப் போன மொத வாரமே அது பத்தாதுன்னு புரிஞ்சுபோச்சு.

ஒரு வீட்டு வாசல்ல நின்னு "வேலைக்குப் போறீங்களாக்கா?"ன்னு ஃபார்ம்ல இருந்தபடியே கேட்டேன். "இல்லப்பா, வீட்லதான் இருக்கேன்"ன்னாங்க. "இல்லை"ல டிக் அடிச்சுட்டு நிமிர்ந்தா அவங்களுக்குப் பின்னாடி தையல் மெஷின், ஊசிக்கு அடியில பாதி தைச்ச துணி, பக்கத்துல மடிச்சு அடுக்கின ஒரு கட்டு. கேட்டா கடைக்குத் தைச்சுக் குடுக்குறாங்களாம், தினமும் ராத்திரி வரைக்கும். அவங்க பொய் சொல்லல, எங்க கேள்விதான் தப்பு. யார் போய் எத்தன தடவ கேட்டிருந்தாலும் அதே "இல்ல"தான் வந்திருக்கும், ரிலையபிலிட்டின்னா அதுதான், ஆனா நாங்க அளக்க நெனச்சது அதுல இல்லவே இல்ல.

அப்ப நேர்ல பாத்தா போதுமான்னா அதுவும் இல்ல. லாபியர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1930ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷமா ஒரு சீனத் தம்பதியோட ஊர் ஊரா போனார், அங்க சீனர்கள் மேல வெறுப்பு இருந்த காலம், 251 ஹோட்டல், சாப்பாட்டுக் கடைகள்ல ஒண்ணே ஒண்ணுலதான் இடம் இல்லன்னாங்க. அப்புறம் அதே இடங்களுக்கு லெட்டர் போட்டுக் கேட்டா பதில் போட்டவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல "சீனர்களச் சேர்க்க மாட்டோம்". 1934ல இது வெளிவந்துச்சு. சொல்றதும் செய்றதும் வேறன்னு இத மட்டும் எழுதிட்டு நிறுத்திடாதீங்க, லெட்டருக்குப் பதில் போட்டவரும் அன்னிக்கு கவுன்ட்டர்ல நின்னவரும் ஒரே ஆளான்னு தெரியாது, கூடவே பல இடத்துல வெள்ளைக்காரரான லாபியரும் இருந்தாரு, எல்லாத்துக்கும் மேல அந்தத் தம்பதிகிட்ட இது ஆய்வுன்னே அவர் சொல்லல. எனக்கு அதுதான் உறுத்துது.

சாம்பிள், அதாவது நாம கேள்வி கேக்குற ஆளுங்க எண்ணிக்கை, பெருசா இருந்தா சரியாயிடும்னும் நெனைக்காதீங்க. 1936 அமெரிக்கத் தேர்தல்ல ஒரு பத்திரிகை 20 லட்சம் பேருக்கு மேல பதில் வாங்கியும் லாண்டன்ங்கிற வேட்பாளர் ஜெயிப்பார்னு சொல்லுச்சு, ஆனா எதிர்த்து நின்ன ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46 ஜெயிச்சார். எத்தன பேர்கிட்டங்கிறத விட யார்கிட்ட கேக்குறோம்ங்கிறதுதான் முக்கியம்.

நாங்க கேள்விய "போன வாரம் காசு வர்ற வேலை ஏதாவது செஞ்சீங்களா, வீட்ல இருந்தே செஞ்சதையும் சேர்த்து?"ன்னு மாத்தினோம். "இல்லை"ன்னு டிக் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போய்க் கதவத் தட்டினோம்.