அறுத்த தூருக்கு எத்தனை நாள் பொறுப்பது?

"இன்னும் பத்து நாள் தண்ணீர் விட்டுப் பார்ப்போமே" என்றார் கூட வேலை பார்த்தவர். வேண்டாம் என்றேன். நடந்தது அவ்வளவுதான். மூன்று வருடம் ஆகியும் கன்சாஸில் அந்தப் பசுமைக்குடில் மேசை முன்னால் நிற்கிற மாதிரியே இருக்கிறது.

பதினொரு தொட்டிகள். கோதுமையும் வீட்கிராஸ் (wheatgrass) என்ற பல்லாண்டுப் புல்லும் சேர்த்த கலப்பினச் செடிகள், கதிர் அறுத்து ஆறு வாரம் ஆகியும் தூர் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. மறுதாம்பு, அதாவது அறுத்த தூரிலிருந்து திரும்பத் துளிர், வரவில்லை என்றால் அது எப்படிப் பல்லாண்டுக் கோதுமை? ஆறு வாரம் என்பது நானே எழுதிய விதி, அடுத்த தலைமுறை நாற்றுகளுக்கு இடம் வேண்டும். சரியான முடிவுதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அவர் ஒவ்வொரு தூரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "ஒன்றிரண்டு அடியில் இன்னும் கெட்டியாக இருக்கிறது" என்றும் சொன்னார். நான் தொட்டுப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செடிகள் லேசில் வந்தவை அல்ல. கோதுமைப் பூ ஒவ்வொன்றிலும் மூன்று மகரந்தப்பை, அவை பச்சையாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து, கதிருக்கு உறை போட்டு, சில நாள் கழித்துப் புல்லின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். பிடித்தாலும் கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசை சரியாக வளராமல் மணி சப்பிப்போகும், அதனால் இரண்டு வாரத்தில் கருவை மட்டும் தோண்டியெடுத்து சத்துள்ள வளர்ப்பு ஊடகத்தில் வைத்துப் பிழைக்க வைக்கிறோம். கோதுமைக்கு 42 குரோமோசோம், இந்தப் புல்லுக்கும் 42, ஆனாலும் ஜோடி சேராது, முதல் தலைமுறை பெரும்பாலும் மலடு. திரும்பக் கோதுமையோடு சேர்த்தால் மணி பிடிக்கும், ஆனால் புல்லின் குரோமோசோம்கள் கழன்றுபோகப் போக மறுதாம்பும் போய்விடும். சோவியத்தில் சித்சின் என்ற தாவர ஆய்வாளர் 1930களில் இறங்கிய காலத்திலிருந்து இதே இழுபறிதான்.

தூர்களைக் குப்பைமேட்டில் கொட்டிய ஒன்பதாம் நாள் அவர் என்னை அங்கே கூப்பிட்டார். ஒரு தூரில் ஒரே ஒரு துளிர், சுண்டுவிரல் நீளம். பெயர்ச்சீட்டுகளை நான் தொட்டி கவிழ்த்தபோதே பிடுங்கியிருந்தேன், பதினொன்றில் எது என்று சொல்ல வழியில்லை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் மண்ணோடு அள்ளித் தொட்டியில் வைத்தார். வேர்நுனி எடுத்துக் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்க நினைத்தேன், 56 இருந்தால் மணியும் மறுதாம்பும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. அதற்குள் அழுகிவிட்டது.

சாதாரணக் கோதுமைகூடக் குளிரில் கடைசியாக ஒரு துளிர் விடுவதுண்டு, இதுவும் அதுவாக இருக்கலாம். இல்லை, குடிலின் சூடுதான் அதைத் தூங்க வைத்து, வெளியே கிடைத்த குளிர்ந்த இரவுகள் எழுப்பினவோ என்னவோ. அப்படியானால் அவர் கேட்ட பத்து நாளும் வீண்தான், நான் தூக்கிப்போட்டதால்தான் அது துளிர்த்தது. இது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானமா என்று தெரியவில்லை.

இப்போது விதி எட்டு வாரம். எட்டுக்கும் காரணம் கிடையாது. போன மாதம் கெடு முடிந்த ஆறு தொட்டிகளைக் கவிழ்க்காமல், பெயர்ச்சீட்டோடு, வெளியே சுவர் நிழலில் வைத்திருக்கிறேன்.