பாபி ராப்சனின் கடைசி மைதானம்

இங்கிலாந்து கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் சர் பாபி ராப்சனின் பழைய காணொளி ஒன்று இன்று காலை கண்ணில் பட்டது.

2009 ஜூலை 26. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்துக்குள் சக்கர நாற்காலியில் வரும் அவருக்காக, 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் மோதிய இங்கிலாந்து, ஜெர்மனி வீரர்கள் பலர் வரிசையாக நிற்கிறார்கள். அவர் தொடங்கிய புற்றுநோய் அறக்கட்டளைக்காக மீண்டும் ஆட வந்தவர்கள்.

டூரினில் நடந்த அந்த 1990 அரையிறுதியில் கண்ணீர்விட்ட இங்கிலாந்து வீரர் கேஸ்காய்னைத் தோள் தொட்டுத் தேற்றியவர் இவர்தான். அந்தப் பரிவுக்காகவே எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

செயின்ட் ஜேம்ஸ் பார்க் வந்துபோன ஐந்தாம் நாள் மறைந்தார், வயது 76.

சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தானும் இளமையில் சுரங்கத்தில் மின்பணி பழகிய அவரை 1955-இல் கைப்பிடித்து, பார்சிலோனா வரை உடன் சென்று, மூன்று மகன்களுக்குத் தாயான எல்சி அம்மையார், அவருக்குப் பின்னும் அந்த அறக்கட்டளைக்குத் துணைநின்றார்.